நாற்றக் கோழி

கான்ஜே ஆற்றுக்கு வருகிறவர்கள்
முதலில் மூக்கைப் பொத்துகிறார்கள்.
அப்புறம்தான் கேமராவைத் திறக்கிறார்கள்.

"கயானாவின் அரசுச் சின்னத்தில் இருப்பது இதுவா?
மாட்டுத் தொழுவம் போல நாறுகிறதே!"
ஆமாம் ஐயா, இதுதான்.
மக்காவ் கிளிகள் மேலே ஜோடியாகப் போகின்றன,
அவற்றுக்குக் கைதட்டுங்கள்.
டூக்கான் தன் பெரிய மூக்கைத் தூக்கிக்கொண்டு
அந்தக் கரையில் இருக்கிறது, அதைப் பாருங்கள்.
இது எங்களுடையது.
முகம் நீலம், கண் ரத்தச் சிவப்பு,
குளித்துவிட்டுச் சீவ மறந்த கொண்டை.
தழையைத் தின்று தொண்டைப் பையில் ஊறப்போட்டு
நாள் முழுக்கப் புளிக்க வைக்கிறது.
நீங்களும் அப்படித் தின்றுவிட்டு
ரோஜாவாக மணக்க முடியுமா, சொல்லுங்கள்.

பறக்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது.
ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு விழுகிறது.
விழுந்த இடத்தில் மார்பை ஊன்றிக்கொண்டு
பழைய தண்ணீர் பம்பு மாதிரி இரைகிறது,
என்னவோ நான் தள்ளிவிட்டது போல.

என் பெயர் வேவ்னி.
பதினேழு வருடமாகப் படகு ஓட்டுகிறேன்.
விடிகாலையில் கரும்புத் தோட்டத்து ஆட்கள்,
சனிக்கிழமை தேவாலயத்துப் பெண்கள்,
எப்போதாவது, இன்றைக்குப் போல,
ரோட்டர்டாமிலிருந்து ஒரு யோஸ்ட்,
மடியில் கைக்குழந்தைக் கனத்துக்கு ஒரு லென்ஸ்.
இந்த ஆற்றின் வளைவெல்லாம் எனக்குத் தெரியும்.
நீச்சல் தெரியாது.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
பள்ளியில் நீச்சல் நாள் என்றால்
எனக்குக் காய்ச்சல் வரும், தவறாமல்.
"என் பெண்டாட்டி ஆற்றுக்குப் பிறந்தவள்" என்று
ரம் கடையில் பெருமை பேசுவான் என் கணவன்.
பேசட்டும்.
தேநீர் நிறத் தண்ணீர், அடி தெரியாது.
சிரித்தபடி அதன்மேல் போய் வருகிறேன்.

மூன்றாவது வளைவில் எஞ்சினை அணைத்தேன்.
மோக்கா-மோக்காச் செடிகளுக்கு மேலே
சுள்ளிக் கூடு. அதில் இரண்டு குஞ்சுகள்,
மயிர் கொட்டிய பழைய பிரஷ்கள்.
யோஸ்ட் லென்ஸை மாற்றக் குனிந்தான்.
அப்போதுதான் தண்ணீரின் மேல்
ஒரு பருந்தின் நிழல் ஓடியது.

பெரியவை கிளை முறிய அலறின.
ஒரு குஞ்சு கூட்டோடு ஒட்டிக்கொண்டது.
மற்றது விழவில்லை.
குதித்தது,
தலைகீழாக, கல் மாதிரி,
அடி தெரியாத அந்த நிறத்துக்குள்.

எண்ணினேன்.
நானும் மூச்சைப் பிடித்திருப்பது
பதினொன்றில்தான் தெரிந்தது.

படகின் மறுபக்கம் ஒரு மூக்கு.
பிறகு ஒரு சிறகு வெளியே வந்தது.
சிறகின் மடிப்பில் இரண்டு நகம்.
கை.
அதற்குக் கை இருந்தது.
தண்டைப் பற்றி, வழுக்கி, மறுபடி பற்றி,
நனைந்த காலுறை ஒன்று ஏணி ஏறுவது போல
கூட்டை நோக்கி ஏறியது,
வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு.

"என்ன? என்ன நடந்தது?" யோஸ்ட் நிமிர்ந்தான்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
பருந்து போய்விட்டிருந்தது.
பெரிய பறவை ஒன்று நீல முகத்தைத் திருப்பிக் காட்ட
நாற்பது படம் எடுத்தான். நல்ல படங்கள்.
திரும்பும் வழியில், தெரிந்தவன் குரலில்,
குஞ்சுக்குச் சிறகில் நகம் உண்டு,
வளர்ந்ததும் உதிர்ந்துவிடும் என்றான்.
இருக்கலாம்.

இருட்டியபின் படகைக் கட்டிவிட்டுத்
துறைப் படியில் இறங்கினேன், செருப்போடு.
கணுக்கால். முழங்கால்.
பாவாடை பந்தாக எழுந்து மிதந்தது. இடுப்பு.
பாசி பிடித்த தூணை இரண்டு கையாலும் இறுக்கினேன்.
யாருமில்லை.
அக்கரையில் அவை இரைந்துகொண்டிருந்தன.
காற்று திரும்பி அந்தத் தொழுவ நாற்றம் வந்தது.
மூக்கைப் பொத்தவில்லை.
கை இரண்டுக்கும் வேலை இருந்தது.